லிதியக் கல்வெட்டில் ‘லக்ரிஷா’: மரமா, கல்லறையின் உறுப்பா?

#1 · நிகண்டன்

சார்திஸ் (இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த பழைய லிதிய நாட்டின் தலைநகர்) இடுகாட்டுப் பகுதியில் 1912-ல் கிடைத்த லிதிய–அரமேய இருமொழிக் கல்வெட்டைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பிரித்துக் கொடுக்கும் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. லிட்மன் 1916-ல் பதிப்பித்தது இதுதான். குஸ்மானியின் 1964 அகராதியில் இது எண் 1. ஒரே ஒரு சொல் வழிவிட மறுக்கிறது: லக்ரிஷா. சிலர் ‘மரங்கள்’ என்கிறார்கள். சிலர் கல்லறைக்குப் போகும் வழி, மதில் என்கிறார்கள். எதை எழுதுவது?

எழுத்துப்பெயர்ப்பில் நான் வைத்துக்கொண்ட முறை இது. மேலண்ண லகரத்துக்கு ‘ள்’ போட்டிருக்கிறேன். அது வெறும் குறி, தமிழ் ளகர ஒலி என்று வாசிக்க வேண்டாம். தனி மூக்கொலிக்கு ‘ஞ்’. பழைய பதிப்புகளில் குறியில்லாத ஸகரமாக இருப்பது இப்போதைய முறையில் ‘ஷ்’, குறியிட்டது ‘ஸ்’. இதழ் குவிந்த ககரத்துக்கு உயிரின் முன் ‘க்வ’, மெய்யின் முன் வெறும் ‘க்’. மூக்கின உயிர்களைத் தனியே குறிக்கவில்லை.

வரி 1–3: … எஷ்த் ம்ருத் எஸ்ஸ்-க் [வானஸ்] லக்ரிஷ-க் க்வெல-க் குத்-க்-இத் இஷ்த் எஷ்ள் வானள் ப்ள்தர்வொத், அக்-அத் மனெலித் கும்லிலித் ஷிலுகலித்

வரி 3–5: அக்-இத் நாக்விஷ் எஷ்ள் ம்ருள் புக் எஷ்ள் வானள் புக் எஷ்ஞஞ் லக்விரிஷஞ் புக்-இத் குத் இஷ்த் எஷ்ள் வானள் ப்ள்தர்வொத்

வரி 6–8: அக்-தின் நாக்விஷ் க்வெல்ள்-க் ஃபென்ஷ்ளிஃபித், ஃபக்-ம்ள் அர்திமுஸ் இப்ஸிம்ஷிஷ் அர்திமு-க் குலும்ஷிஷ் ஆரள் பிரள்-க் க்ளிதள் கொஃபுள்-க் க்விரள் க்வெல்ள்-க் பில்ள் வ்த்ஸ்பக்வெந்த்

என் வரைவு: “இந்தக் கல்லும், இந்தக் கல்லறையும், லக்ரிஷாவும், நிலமும், இந்தக் கல்லறைக்கு உரியதாய் எங்கெங்கு உள்ளதோ அதுவும், கும்லியின் மகன், ஷிலுகா வழி வந்த மனேயுடையவை. யாரேனும் இந்தக் கல்லுக்கோ, இந்தக் கல்லறைக்கோ, இந்த லக்ரிஷாக்களுக்கோ… எதற்கேனும் கேடு செய்தால், எபேசு ஆர்த்தெமிசும் கொலோயே ஆர்த்தெமிசும் அவன் முற்றம், வீடு, மண், நீர், உடைமை, அவனுக்குள்ள எல்லாவற்றையும் சிதறடிப்பார்கள்.”

#2 · கல்லும்சொல்லும்

பொருளைத் தேடுவதற்கு முன் இலக்கணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அது இலவசமாகக் கிடைக்கிறது, யாரும் மறுக்கவும் மாட்டார்கள்.

வரி 4-ல் மூன்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றன, மூன்றும் நான்காம் வேற்றுமையில். எஷ்ள் ம்ருள், எஷ்ள் வானள்: இவை ஒருமை, ‘-ள்’ ஈறு. அடுத்தது எஷ்ஞஞ் லக்விரிஷஞ்: இதில் சுட்டுச்சொல்லே மாறிவிட்டது, ஈறு ‘-அஞ்’. அது பன்மை. ஆக ஒரு கல், ஒரு கல்லறை, பல லக்ரிஷாக்கள். வரி 2-ல் வரும் லக்ரிஷ(-க்) என்ற வடிவமும் அஃறிணைப் பன்மை ‘-அ’ ஈற்றோடு பொருந்துகிறது.

எனவே ‘கல்லறைக்குப் போகும் வழி’ என்று ஒருமையில் எழுதுகிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஒரு கல்லறைக்கு ஒரு வழிதானே, பன்மை எதற்கு? மதில்கள், படிகள், மேடைகள், மரங்கள் எல்லாம் பன்மையில் இயல்பாக அமரும். ஒற்றைப் பொருள் ஒன்றைச் சொல்பவர் இது ‘பன்மை வடிவில் மட்டும் வழங்கும் சொல்’ என்று தனியாக நிறுவியாக வேண்டும்.

இன்னொன்று. இதே கல்லில் இந்தச் சொல் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது: வரி 2-ல் லக்ரிஷ-, வரி 5-ல் லக்விரிஷ-. இதழ் குவிந்த ககரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவில் ஓர் இகரம் புகுந்திருக்கிறது. சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

#3 · தமிழ்வேர்

ஐயா, ‘விருக்ஷ’ என்ற சொல்லை யாரும் பார்க்கவில்லையா? ருக்ஷ, ரிஷ. லிதியம் இந்தோ-ஐரோப்பிய மொழிதானே. லக்ரிஷா, விருக்ஷா. மரம் என்ற பொருளும் நேராக வந்துவிடுகிறது.

#4 · கல்லும்சொல்லும்

நண்பரே, காதுக்கு ஒத்துப்போவது போதாது, ஒலிமாற்றம் முறையாக இருக்க வேண்டும். விருக்ஷ என்பதில் மெய்களின் வரிசை வ–ர–க–ஷ. லக்ரிஷாவில் ல–க–ர–ஷ. ரகரமும் ககரமும் இடம் மாறியிருக்கின்றன, முதலில் வகரத்துக்குப் பதில் லகரம் நிற்கிறது. சொல்முதல் வகரம் லிதியத்தில் வகரமாகவே இருக்கிறது (வானஸ் பாருங்கள்). அது லகரமாக மாறும் விதி எதுவும் இல்லை. இரண்டு மாற்றங்களை இந்த ஒரு சொல்லுக்காக மட்டும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்தால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் இணைத்துவிடலாம்.

முறையான ஒப்புமை எப்படி இருக்கும் என்பதற்கு இதே கல்லில் சான்று இருக்கிறது. க்விஷ் ‘யார்’: ஹிட்டைட் குயிஷ், இலத்தீன் க்விஸ். பிர- ‘வீடு’: ஹிட்டைட் பிர். சொல்லின் பின்னே ஒட்டும் ‘-க்’: இலத்தீன் ‘-க்வே’, சமஸ்கிருத ‘ச’. இவற்றில் பொருள் முதலில் வாக்கியத்திலிருந்து தெளிவாகிறது, ஒப்புமை அதை உறுதிசெய்கிறது. லக்ரிஷாவுக்குப் பொருளே இன்னும் தெரியாது. பொருள் தெரியாத சொல்லுக்கு வேர் காட்டிப் பொருள் சொல்வது தலைகீழ் வேலை. எட்ருஸ்கன், லிதியம், காரியன் ஆகிய மூன்று பழைய மொழிகளிலும் பல பத்தாண்டுகள் வீணானது இப்படித்தான்.

#5 · அரமேயச்சுவடி

‘மரம்’ எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். விவாதத்தின் முடிச்சு லிதியப் பக்கத்தில் இல்லை, அரமேயப் பக்கத்தில் இருக்கிறது.

அரமேயப் பாடத்திலும் பட்டியல் இரண்டு முறை வருகிறது. முதல் முறை: ஸ்த்வ்னா (கல்), மஅர்த்தா (குகை, அதாவது குடைந்த கல்லறை), அடுத்து த-ர-ஹ-த-ஆ என்ற எழுத்துகள். இரண்டாம் முறை சாபத்தில்: ஸ்த்வ்னா, மஅர்த்தா, மறுபடி த-ர-ஹ-த-ஆ. லிதியத்தில் ம்ருத், வானஸ், லக்ரிஷா வரும் அதே மூன்றாமிடம், இரண்டு முறையும். ஆகவே லக்ரிஷாவுக்கு எதிரே மொழிபெயர்ப்பாளர் வைத்த சொல் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாரசீகத்தில் மரத்துக்கு ‘தரக்த்’. அக்கெமனிய (பழைய பாரசீகப் பேரரசு) ஆட்சிக்கால அரமேயம் ஈரானியச் சொற்களைத் தாராளமாகக் கடன் வாங்கியது. ‘மரங்கள்’ பிறந்த கதை இவ்வளவே.

இனி அதன் பலவீனங்கள்.

முதலாவது, எழுத்து. அந்தக் கால அரமேய எழுத்தில் தாலெத்தும் (த) ரேஷும் (ர) ஏறத்தாழ ஒரே வடிவம்: மேலே ஒரு சிறு தலை, கீழே ஒரு கால். எனவே முதல் இரண்டு எழுத்துகளை ‘தர’ என்று வாசிப்பது பொருளை முன்வைத்துத் தேர்ந்தெடுத்த வாசிப்பு. கண்ணை மட்டும் நம்பினால் ‘ரத’, ‘தத’, ‘ரர’ என்பனவும் அதே கோடுகளுக்குள் அடங்கும்.

இரண்டாவது, ஈறு. ‘தரக்த்’ என்ற கடன்சொல்லில் தகரம் அடிச்சொல்லைச் சேர்ந்தது. அது ஆண்பால் பெயராக நின்று பன்மையில் உறுதியீறு ஏற்றால் யோத்–ஆலெப் என்று முடிய வேண்டும். கல்லில் யோத் இல்லை. அப்படியானால் ஒருமையாக, தொகுதிப் பெயராக ‘மரக்கூட்டம்’ என்று கொள்ள வேண்டும். இல்லையென்றால் தகரத்தைப் பெண்பால் ஈறாகப் பிரிக்க வேண்டும். அப்போது அடி ‘த-ர-ஹ’ ஆகிவிடும், ‘தரக்த்’ கையை விட்டுப் போய்விடும். பெண்பாலில் ஒருமையும் பன்மையும் உயிர்க்குறி இல்லாத எழுத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஈற்றை வைத்து இந்தக் கல்லில் மிகக் கறாராக வாதாடவும் கூடாது. மஅர்த்தா பெண்பால். ஆனால் வரி 5–6-ல் ‘இந்தக் குகை’ என்பதற்கு ஆண்பால் சுட்டான ‘ஜ்னா’வைப் போட்டிருக்கிறார்கள். பால் பொருத்தத்தில் இவ்வளவு தளர்ச்சி இருக்கும் எழுத்தர் பன்மை ஈற்றில் மட்டும் பிழையே செய்யமாட்டார் என்று நம்ப முடியாது.

#6 · நிகண்டன்

அப்படியானால் இது மொழிபெயர்ப்பே இல்லை, இரண்டு தனி வரைவுகள் என்று சொல்லலாமா?

#7 · அரமேயச்சுவடி

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சட்டகம் ஒன்று, நிரப்பியது அவரவர் மரபுப்படி. வேறுபாடுகளை எடுத்து வைத்தால் புரியும்.

லிதியத்தில் எபேசு ஆர்த்தெமிஸ் முதலில், கொலோயே ஆர்த்தெமிஸ் பிறகு. அரமேயத்தில் கொலோயே முதலில். லிதியத்தில் மாதம் பக்கி என்ற தெய்வத்தின் பெயரால் வருகிறது. அரமேயத்தில் மர்ஹெஷ்வான் மாதம் 5-ம் நாள், பாரசீக அரசன் அர்தக்ஷஸ்தாவின் 10-ம் ஆண்டு, சிபராது என்ற கோட்டை நகரில் என்று போட்டிருக்கிறார்கள். சிபராது சார்திஸ்தான். எந்த அர்தக்ஷஸ்தா என்பதைப் பொறுத்து ஆண்டு கி.மு. 455, 394, 349 அளவில் வரும். சாபத்தின் கடைசியில் அரமேயம் ‘அவன் வாரிசையும்’ என்று சேர்க்கிறது. லிதியத்தில் வாரிசு இல்லை. ஷிலுகா என்ற பெயரின் லகரம் அரமேயத்தில் ரகரமாகியிருக்கிறது.

மாதத்தைப் பாருங்கள். லிதிய மாதத்தின் பெயரை மொழிபெயர்க்கவில்லை, அரசு நடைமுறையில் அதற்கு நிகரான மாதத்தைப் போட்டிருக்கிறார்கள். லக்ரிஷாவுக்கும் அதுவே நடந்திருக்கலாம்: பொருள் அல்ல, பக்கத்து நிகர்.

#8 · கல்லும்சொல்லும்

கிரேக்க இருமொழிகளும் அதையே காட்டுகின்றன. சார்திஸ் ஆர்த்தெமிஸ் கோயிலில் கிடைத்த சிலைப்பீடத்தில் (எண் 20) லிதியம் ‘நன்னஸ் பகிவலிஷ் அர்திமுள்’. கிரேக்கம் ‘தியோனிசிக்ளேசின் மகன் நன்னஸ் ஆர்த்தெமிசுக்கு’. தந்தையின் பெயர் பகிவ-, அதைத் தியோனிசிக்ளேஸ் ஆக்கிவிட்டார்கள். பக்கியும் தியோனீசசும் ஒரே தெய்வம் என்ற நிகர்ப்படுத்தல் இது. இதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு என்று எடுத்தால் பகிவ-வின் இரண்டாம் பகுதிக்கு, கிரேக்க ‘-க்ளேஸ்’ போல, ‘புகழ்’ என்று பொருள் சொல்ல வேண்டிவரும்.

பெர்காமத்துத் தூணில் (எண் 40) கிரேக்கத்தில் இரண்டே சொல்: பர்தரஸ், அதேனாவுக்கு. லிதியம் அதைவிட நீளம். எதைக் கொடுத்தார் என்பதற்கான சொல் லிதியத்தில் மட்டும் இருக்கிறது. கிரேக்கம் வாயே திறக்கவில்லை, ஏனென்றால் தூண் கண்முன்னே நிற்கிறது.

இந்தத் தூணில் ஒரு கூடுதல் இலாபமும் உண்டு. பழைய பதிப்புகளில் பகரத்தின் அதிர்வொலி வடிவமாக எழுதிவந்த எழுத்து, கிரேக்கத்தில் பர்தரஸ் என்று அதிர்வில்லாத பகரத்தோடு வருகிறது. இப்ஸிம்ஷிஷ் ‘எபேசு’ என்பதிலும் அப்படியே, அரமேயப் பாடத்திலும் அந்த இடத்தில் பே எழுத்து. அதனால்தான் இப்போது அந்த எழுத்தின் பெயர்ப்பையே மாற்றியிருக்கிறார்கள். தமிழில் எழுதும் நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘ப’ என்பதால் பழைய பதிப்பையும் புதியதையும் கலந்து படிக்கும்போது தடுமாற்றம் வராது. ஆனால் ஸ்–ஷ் விஷயத்தில் பழையதும் புதியதும் நேர் எதிராக இருக்கும். எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே எழுத வேண்டும்.

#9 · பாக்டோலஸ்கரை

நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. சார்திஸின் இடுகாடு பாக்டோலஸ் ஆற்றுக்கு அப்பால் உள்ள மலைச்சரிவுகளில். 1910–1914-ல் பட்லர் தலைமையில் பிரின்ஸ்டன் குழு அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் திறந்தது. பாறை என்றால் கருங்கல் இல்லை. கூழாங்கல்லும் மண்ணும் இறுகிய, எளிதில் உதிரும் பாறை. அமைப்பு பெரும்பாலும் இப்படி: வெளியிலிருந்து உள்ளே போகும் திறந்த நடை, அதன் முடிவில் வாயில், உள்ளே அறை, அறையின் சுவரோரங்களில் உடலைக் கிடத்தும் மேடைகள். எழுத்துக்கல் நிற்பது வெளியே, நடைவாயிலருகே.

இந்த அமைப்பை வைத்துப் பார்த்தால், ‘மேடைகள்’ பன்மைக்கு அழகாகப் பொருந்தினாலும் பட்டியலுக்குப் பொருந்தவில்லை. மேடை கல்லறைக்குள்ளே இருக்கிறது. வானஸ் என்று சொன்னதுமே அதுவும் அடங்கிவிட்டது. பட்டியலில் தனியாகப் பெயர் சொல்லிக் காப்பாற்ற வேண்டியது கல்லறையின் கதவைத் தாண்டாமலே கை வைக்கக்கூடிய பொருள். நடையின் இரு பக்கச் சுவர்கள் அப்படிப்பட்டவை. உதிரும் பாறையில் வெட்டிய நடைக்குப் பக்கச்சுவர் கட்டவில்லை என்றால் மண் சரிந்து வாயில் மூடிவிடும். அந்தக் கற்களைப் பிடுங்கிக்கொண்டு போகிறவனைத்தான் சாபம் முதலில் நினைக்கும் என்பது என் கருத்து. ‘இடித்தால், பிரித்தால்’ என்ற அரமேய வினைகளும் கட்டடத்துக்கே அதிகம் ஒத்துவருகின்றன.

#10 · அரமேயச்சுவடி

மரத்தையும் அவ்வளவு சீக்கிரம் வெட்டிவிடாதீர்கள். பாரசீக ஆட்சியில் சார்திஸ் தோட்டத்துக்குப் பெயர்போன நகரம். இளைய சைரஸ் அங்கே தன் தோட்டத்தை ஸ்பார்த்தாவின் லைசாந்தருக்குக் காட்டினான், நேர்வரிசையில் நின்ற மரங்களில் சிலவற்றைத் தானே நட்டதாகச் சொன்னான் என்று செனபோன் எழுதியிருக்கிறார். பசர்கடாவில் பெரிய சைரசின் கல்லறையைச் சுற்றி நீர் பாயும் சோலை இருந்ததை அர்ரியன் குறிப்பிடுகிறார். கல்லறையோடு மரம் வைப்பது அந்த ஆட்சி வர்க்கத்துக்குத் தெரிந்த வழக்கம். செங்குத்துச் சரிவில் சோலை வைக்க முடியாது என்றாலும் நடைவாயிலின் முன்னே நாலு மரத்துக்கு இடம் இருக்கும்.

எனவே இப்போதைக்கு என் கணக்கு: மரம் என்பதற்கு ஆதாரம் ஒரே ஓர் அரமேயச் சொல், அதுவும் வாசிப்பிலும் ஈற்றிலும் ஆட்டம் காண்பது. கட்டட உறுப்பு என்பதற்கு ஆதாரம் தொல்லியல் அமைப்பு, ஆனால் அது எந்த உறுப்பு என்று சொல்லாது.

#11 · கல்லும்சொல்லும்

நிகண்டனுக்கு ஒரு திருத்தம். வரைவில் க்வெல-க் என்பதை ‘நிலமும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே விட முடியாது. லக்ரிஷாவைவிட இந்தச் சொல்லில்தான் கல்லே நமக்கு அதிகம் உதவுகிறது.

க்வெல்ள்-க் வரி 6-லும் வரி 8-லும் வருகிறது. வரி 6: ‘நாக்விஷ் க்வெல்ள்-க் ஃபென்ஷ்ளிஃபித்’. அரமேயம்: ‘யார் ___ இடித்தாலோ பிரித்தாலோ’, கோடிட்ட இடத்தில் மிந்தஅம், அதாவது ‘எதையேனும்’. வரி 8: ‘க்விரள் க்வெல்ள்-க் பில்ள்’. அரமேயத்தில் உடைமை, மண், நீர், கடைசியில் மறுபடி மிந்தஅம், ‘அவனுடைய எதுவும்’. இரண்டு இடம், இரண்டிலும் ஒரே அரமேயச் சொல். இவ்வளவு சிறிய மொழித்தொகுதியில் இதைவிட வலுவான சான்று அரிதாகவே கிடைக்கும்.

இப்போது ‘-க்’ கைக் கவனியுங்கள். வரி 8-ல் ஆரள் பிரள்-க், க்ளிதள் கொஃபுள்-க் என்று இணை இணையாக வரும்போது அது ‘உம்’: முற்றமும் வீடும், மண்ணும் நீரும். வரி 6-ல் க்வெல்ள்-க் தனியாக நிற்கிறது. அங்கே ‘மற்றும்’ என்று இணைக்க முன்னால் ஒன்றுமில்லை. அங்கே அது ‘எது’வை ‘எதுவும்’ ஆக்குகிறது. தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. கல்லும் மண்ணும் என்பதில் வரும் அதே ‘உம்’தான் எவரும், எதையும், எங்கும் என்பவற்றிலும் வருகிறது. இரண்டு மொழிக்கும் உறவில்லை, ஆனால் வேலை ஒன்று. மற்ற மொழிகளில் ‘-க்’ குக்கு இரண்டு தனிப் பதிவு போட்டு விளக்குவதைத் தமிழில் ஒரே உருபால் பெயர்த்துவிடலாம்.

அடுத்து ஈறு. அகர ஈற்றுப் பெயர்கள் இந்தச் சாபத்திலேயே நான்கு உண்டு: ஆரள், பிரள், க்ளிதள், க்விரள். எல்லாம் ‘-அள்’. க்வெல- என்று அகர ஈற்றில் ஒரு ‘நிலம்’ இருந்தால் அதன் நான்காம் வேற்றுமை க்வெலள் என்று வர வேண்டும். கல்லில் இருப்பது க்வெல்ள், அகரம் இல்லை. ஆகவே வரி 6, 8-ல் நிலம் இல்லை.

#12 · நிகண்டன்

அப்படியானால் வரி 2-ல் வரும் க்வெல-க்? அதையும் ‘எதுவெல்லாம்’ என்று மாற்றிவிடலாமா? பிறகு வரும் ‘குத்-க்-இத்’ தோடு ஒட்டிப் படித்தால் ‘இந்தக் கல்லறைக்கு உரியதாய் எங்கெங்கு எவையெல்லாம் உள்ளனவோ அவையும்’ என்று சரளமாக ஓடுகிறதே.

#13 · அரமேயச்சுவடி

ஓடுகிறது, ஆனால் அந்த இடத்தில் அரமேயத்தில் மிந்தஅம் இல்லை. த-ர-ஹ-த-ஆவுக்கு அடுத்து ஆலெப்–தாவ்–ரேஷ்–ஹே என்ற எழுத்துகள் நிற்கின்றன. ‘அதன் இடம்’ என்று படிப்பது இயல்பு, அரமேயத்தில் இடத்துக்கு அதுவே சாதாரணச் சொல். அடுத்து ‘பர்பர்’ வருகிறது. விவிலியத்தில் முதலாம் நாளாகமம் 26:18-ல் எருசலேம் கோயிலின் மேற்குப் பக்க அமைப்பு ஒன்றுக்கு வரும் அதே சொல். முன்வெளி, முகப்புத் திண்ணை போன்ற ஓர் அமைப்பு.

இன்னும் கவனிக்க வேண்டியது: சாபத்தில் பட்டியல் இரண்டாம் முறை வரும்போது லிதியத்தில் க்வெல- இல்லை, அரமேயத்திலும் ‘இடம்’ இல்லை. இரண்டும் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே மறைகின்றன. இதைத் தற்செயல் என்று தள்ளுவது எளிதல்ல.

#14 · கல்லும்சொல்லும்

ஏற்கிறேன், அது என் வாதத்தின் எல்லை. வரி 2-ல் அகர ஈற்றுப் பெயர் க்வெல- ‘நிலம், இடம்’. வரி 6, 8-ல் வேறு சொல், க்வெல்- ‘எது’. உருவம் நெருங்கிய இரண்டு சொற்களுக்கு அகராதியில் இரண்டு தலைச்சொல் போடுவதுதான் நேர்மை. ஒன்றாக்கினால் வரி 2 அழகாகும், ஆனால் அரமேயத்தின் ‘இடம்’ அந்தரத்தில் நிற்கும். நிகண்டன் வரைவில் வரி 2-க்கு ‘நிலமும்’ என்றே இருக்கட்டும், வரி 6, 8-க்கு ‘எதையும்’, ‘எதுவும்’.

ப்ள்தர்வொத் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. ‘உரியது’ என்று வினையாகக் கொண்டால் ‘-த்’ படர்க்கை ஒருமை ஈறு. அஃறிணைப் பெயராகக் கொண்டாலும் ஈறு அதே ‘-த்’ தான், ம்ருத் போல. அரமேயத்தில் எதிரே நிற்பது ‘பர்பர்’ என்ற பெயர். வினை என்றே நானும் கொள்கிறேன், இருந்தாலும் மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

#15 · மைப்படி

எல்லாரும் பாடத்தை வைத்தே பேசுகிறீர்கள். வரி 5-ன் லக்விரிஷஞ்-இல் அந்த இகரத்தைப் பற்றி ஒரு சொல். லிதிய இகரம் ஒற்றைச் செங்குத்துக் கோடு. கல்லில் தற்செயலாக விழும் கீறலும் ஒற்றைக் கோடுதான். சொல்லின் இரண்டு வடிவத்தை வைத்து வாதம் கட்டும்போது அந்தக் கோடு வெட்டியதா விழுந்ததா என்று பார்ப்பது முதல் வேலை. பதிப்புகள் அதை இகரமாகவே ஏற்கின்றன. ஆனாலும் இப்படிப்பட்ட இடங்களைச் சரிபார்க்கும் முறையைச் சொல்லி வைக்கிறேன், மற்ற லிதியக் கற்களுக்கும் உதவும்.

புகைப்படம் ஒன்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேர்வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஆழம் தெரியாது. கேமராவை அசையாமல் தாங்கியில் நிறுத்தி, விளக்கை மட்டும் நகர்த்தி, கல்லின் முகத்துக்குத் தாழ்ந்த கோணத்தில் சுற்றிலும் குறைந்தது எட்டுத் திசையிலிருந்து எடுக்க வேண்டும். முக்கியமானது பக்கவாட்டு ஒளி: செங்குத்துக் கோட்டுக்கு இடமிருந்தும் வலமிருந்தும் ஒளி விழ வேண்டும். மேலிருந்து மட்டும் ஒளி விட்டால் செங்குத்துக் கோட்டில் நிழலே விழாது, இகரம் காணாமல் போகும். இந்த ஒரு தவறால் லிதியத்தில் விட்டுப்போகக்கூடிய எழுத்து மற்ற எல்லாவற்றையும்விட இகரம்தான்.

காகிதப் படி எடுக்க அனுமதி இருந்தால் பசை ஏற்றாத தடித்த வடிதாள் வேண்டும். பசை ஏற்றிய தாள் நனைந்ததும் விறைத்து எழுத்துக்குள் இறங்காது. கல்லை மென்தூரிகையால் தூசு தட்டி, நீரால் நனைத்து, நனைந்த தாளை மேலிருந்து கீழாக விரித்து, அடர்ந்த மயிர்த்தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்ட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் காற்று சிக்கும், அந்தக் குமிழி காய்ந்ததும் எழுத்தில்லாத மொட்டை இடமாகிவிடும். தாள் கிழிந்த இடத்தில் இன்னொரு நனைந்த துண்டை வைத்துத் தட்டலாம். முழுக்கக் காய்ந்த பிறகே உரிக்க வேண்டும். ஈரத்தோடு உரித்தால் தாள் நீளும், எழுத்தின் ஆழம் தட்டையாகும். மென்மையான, உதிரும் கல்லில் இந்த வேலையே வேண்டாம், ஒளிப்படத்தோடு நிறுத்துங்கள்.

படியில் கல்லைத் தொட்ட பக்கத்தில் வெட்டிய கோடு புடைத்து நிற்கும். உளி போட்ட கோட்டுக்கு ஏறத்தாழ ஒரே அகலமும் தெளிவான இரு விளிம்பும், தொடக்கமும் முடிவும் இருக்கும். கீறல் ஒரு முனையில் மெலிந்து ஓடும், பக்கத்து எழுத்தையும் குறுக்கே வெட்டும். கடைசியாக இடைவெளி: அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் மற்ற எழுத்துகளுக்கு விட்ட அளவு இடம் விட்டிருந்தால் அது எழுத்தேதான். எழுத்தர் அதற்காக இடம் ஒதுக்கியிருக்கிறார்.

#16 · கல்லும்சொல்லும்

அந்த இகரம் எழுத்து என்றே கொண்டால் பயன் இது: சொல்லின் அடி ‘லக்விரி-’யாகவே இருந்து வரி 2-ல் இகரம் விழுந்திருக்கலாம். இல்லையென்றால் ‘லக்ரி-’ அடியாகி வரி 5-ல் உச்சரிப்பு எளிமைக்காக இகரம் புகுந்திருக்கலாம். எதுவானாலும், மெய்மயக்கம் ‘க்ர்’ என்பதை நிலையான அடித்தளமாக வைத்து வேர் காட்டும் ஒவ்வொரு முயற்சிக்கும் வரி 5 தடையாக நிற்கும்.

#17 · தமிழ்வேர்

விருக்ஷத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அகராதியில் அந்த இடத்தைக் காலியாக விட முடியாதே, வாசகருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே?

#18 · நிகண்டன்

மேலே வந்ததை வைத்துப் பதிவை இப்படி மாற்றியிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

“லக்ரிஷ-, லக்விரிஷ-: பெயர். இந்தக் கல்லில் பன்மையில் மட்டும். வரி 2 எழுவாய்: லக்ரிஷ(-க்); வரி 4–5 நான்காம் வேற்றுமை: எஷ்ஞஞ் லக்விரிஷஞ். கல், கல்லறை ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாகப் பெயர் சொல்லிக் காக்கப்படும், கல்லறைக்கு வெளியே சேதப்படுத்தக்கூடிய பொருள்கள். அரமேய இணை த-ர-ஹ-த-ஆ. அதை ஈரானிய ‘தரக்த்’ என்று கொண்டால் ‘மரங்கள்’, கட்டட அமைப்பைக் கொண்டு பார்த்தால் ‘நடைச்சுவர்கள்’. முதல் இரண்டு அரமேய எழுத்துகளின் வாசிப்பு உறுதியானதல்ல.”

மொழிபெயர்ப்பு வரியில் ‘இந்த லக்ரிஷாக்களுக்கோ’ என்று மூலச்சொல்லையே வைத்துவிட்டேன். மரம் என்றோ சுவர் என்றோ எழுதினால் அடுத்து எடுத்தாள்பவர் கேள்விக்குறியை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் கொண்டுபோவார்.

#19 · அரமேயச்சுவடி

‘கல்லறைக்கு வெளியே’ என்பது பாக்டோலஸ்கரை சொன்ன வாதத்திலிருந்து வருவது, பாடத்தில் இல்லை. அதற்கு முன்னால் ‘பெரும்பாலும்’ சேருங்கள். மற்றபடி எனக்குச் சம்மதம்.

#20 · பாக்டோலஸ்கரை

சேர்க்கத்தான் வேண்டும். அதோடு, மற்ற லிதியக் கல்லறைக் கற்களை எடுக்கும்போது இந்த ஒரு சொல்லை மட்டும் தேடாமல் ம்ருத், வானஸ் வரும் இடங்களை எல்லாம் வரிசையாக எழுதி, மூன்றாமிடத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். உடைந்த கல்லில் சொல் பாதி போயிருந்தாலும் ‘-அஞ்’ ஈறு மட்டும் மிஞ்சியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

#21 · நிகண்டன்

‘பெரும்பாலும்’ சேர்த்தாயிற்று. க்வெல-, க்வெல்- இரண்டு தலைச்சொல்லாகப் பிரித்தாயிற்று. ப்ள்தர்வொத் மேல் கேள்விக்குறி போட்டாயிற்று. அடுத்து ம்ருத், வானஸ் வரிசைகளை அட்டவணையாக்கி இதே இழையில் போடுகிறேன்.